ஆளில்லாத தோணி

கப்பல் என்றால் எனக்கு உயிர். ஆனால் ஏற்காடு ஏரியில் படகு ஏறினாலே வயிற்றைப் புரட்டும். அதனால் கப்பல்களை இடுக்கியால் பிடித்து ஆல்பத்தில் வைத்துக்கொள்கிறேன். அதுவும் வெள்ளைக்காரன் காலத்து ஸ்டாம்புக் கப்பல்களாகப் பார்த்து.

கடலையே கட்டியாண்டவர்கள் கப்பல் படம் போட்ட லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! 1938-இல் ஃபிஜித் தீவுக்கு ஒன்றரை பென்னி ஸ்டாம்பு ஒன்று போட்டார்கள். பாய் விரித்த தோணி ஒன்று ஜோராகப் போகிறது. ஓட்டத்தான் ஆளில்லை. யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். 1940-இல் அச்சைத் திருத்தி ஓர் ஆளை ஏற்றிவிட்டார்கள். நடுவில் இரண்டு வருடம் அந்தத் தோணி யாரை நம்பி ஓடியது என்று கேட்கக் கூடாது. எனக்கு ஸ்டாம்பு விற்கும் பெரியவர் ஆளில்லாத தோணிக்குத்தான் கூடுதல் விலை சொல்வார். "ஆள் ஏறிட்டா மதிப்பு போச்சு சார்!" இதை ஏதாவது ஷேர் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் தீவுகளின் 1903-ஆம் வருட ஸ்டாம்பில் கொலம்பஸ் தொலைநோக்கியும் கையுமாக நிற்கிறார். அவர் கண்மூடியது 1506-இல். தொலைநோக்கி வந்ததோ 1608 வாக்கில். நூறு வருடம் முன்கூட்டியே கருவியைக் கையில் கொடுத்தும் மனிதர் இந்தியாவைக் கோட்டைவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

எல்லாவற்றுக்கும் பாட்டன் பிரிட்டிஷ் கயானாவின் 1856 ஒரு சென்ட் ஸ்டாம்பு. இங்கிலாந்திலிருந்து ஸ்டாம்புக் கட்டு வந்து சேரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்தில் அவசரத்துக்கு அடிக்கச் சொன்னார் தபால் அதிகாரி. அச்சகத்தார் தாங்களாகவே ஒரு கப்பல் படத்தைச் சேர்த்து அடித்துவிட்டார்கள். கப்பலில் சரக்கு வராத ஊரில் கப்பல் படம்! அதிகாரிக்குப் பிடிக்கவில்லை; ஒவ்வொரு ஸ்டாம்பிலும் குமாஸ்தாக்கள் கையெழுத்துக் கிறுக்கித்தான் விற்றார்கள். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. 1873-இல் அதைக் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுப் பையன் சில ஷில்லிங்குக்குத் தள்ளிவிட்டான். 2014-இல் அது ஏலம் போனது 94.8 லட்சம் டாலருக்கு. கருஞ்சிவப்புக் காகிதத்தில் கறுப்பு மை, போதாததற்குக் கையெழுத்து வேறு. கப்பல் இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கதையைக் கேட்ட என் மனைவி, "நம்ம ஆல்பத்துல அந்த மாதிரி ஏதாச்சும் இருக்காங்க?" என்றாள் கனிவாக. இருக்கிற ஸ்டாம்புகளைக் காட்டினேன். கனிவு போய்விட்டது.

இருப்பதில் எனக்குச் செல்லம் 1937-இல் இந்தியாவுக்கு வந்த ஜார்ஜ் மன்னர் வரிசை. தபால் ஓட்டக்காரருக்கு 2 அணா, ரயிலுக்கு 4, கப்பலுக்கு 6, லாரிக்கு 8, விமானத்துக்கு 12. லாரியைவிடக் கப்பல் மட்டம் என்று தீர்மானித்த புண்ணியவானுக்கு லாரி கம்பெனியில் பங்கு இருந்திருக்கும்.

என் ஆறணாக் கப்பலில் தபால் முத்திரையின் கறுப்பு மை நேராகப் புகைபோக்கிக்கு மேலே அப்பியிருக்கிறது. "டேமேஜ் சார்" என்று பெரியவர் பாதி விலை சொன்னார். கப்பல் புறப்பட்டுவிட்டது, புகை வருகிறது என்று அவருக்குச் சொல்லாமல் வாங்கி வந்துவிட்டேன்.