மூணு டிஸ்க் வாலா

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் ஒரு பெரிய குறை. அறைக்கும் அறைக்கும் நடுவே அத்தனை இடத்தைச் சும்மா போட்டு வைத்திருப்பார்கள். ஒன்றில் பற்றினால் அடுத்ததற்குப் பரவக் கூடாதாம். என்ன பிரிவினை மனசு! விண்டோஸ் 2000-த்தோடு வந்த டைனமிக் டிஸ்க்குக்கு அந்தக் கெட்ட குணம் கிடையாது.

விண்டோஸ் வழக்கமாகத் தரும் பேசிக் டிஸ்க் கஞ்சன். பழைய எம்.பி.ஆர். முறையில் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் தராது. டைனமிக்கோ வள்ளல், 32 டிஸ்க் வரை கோத்து ஒரே டிரைவாகக் காட்டும்.

அதே சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில் முருகனும் லட்சுமியும் பிள்ளையாரும் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். டிசைனர் அண்ணன் ரைட் கிளிக் பண்ணினார். மூன்று டிஸ்க்கும் ஊதாப் பட்டையாக ஒட்டி ஒரே டிரைவாகிவிட்டன. முதலாளி அன்றைக்கு எல்லோருக்கும் டீயோடு வடையும் சொன்னார்.

ஆடிப்பெருக்கன்று வெளியிடும் காலண்டர் மாதிரி ஆல்பத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நடு டிஸ்க் மட்டும் 'டிக் டிக்' என்றது. மற்ற இரண்டும் திடகாத்திரம். ஆனால் தோழன் சாய்ந்தபின் தனியாக வாழ அவற்றுக்கு மனம் வரவில்லை. டிரைவே திறக்கவில்லை. கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்த பிசிராந்தையார் இந்த நட்பைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆயிரம் வாலா மாதிரி. திரி ஒன்று, போவது மொத்தமும்.

டைனமிக்கின் பாசத்தையும் சொல்ல வேண்டும். பேசிக்கிலிருந்து டைனமிக்குக்குப் போக ஒரு கிளிக் போதும், ஃபைல்கள் அப்படியே இருக்கும். விண்டோஸ் வழியாகவே திரும்பி வர நினைத்தால் வால்யூம்கள் அத்தனையையும் அழிக்க வேண்டும். மருமகளாக வந்தவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப மனசில்லாத குடும்பம்! மரியாதையிலும் குறைவில்லை. வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் 'ஃபாரின்' என்று காட்டும். விருதுநகரைத் தாண்டாத டிஸ்க்குக்கு ஒரே ராத்திரியில் வெளிநாட்டு அந்தஸ்து.

இவ்வளவு பெருமைக்கு நடுவே ஒரு களங்கமும் உண்டு: மிர்ரர். ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும். ஒன்று போனால் மற்றது காப்பாற்றிவிடும். பாதி இடம் வீணாகுமே என்று எங்கள் முதலாளி சரியான நேரத்தில் அதைத் தடுத்துவிட்டார். அந்த ஆடிக்குப் போன வருஷத்து ஆல்பத்தையே ஸ்கேன் பண்ணினோம். பிள்ளையார் கொஞ்சம் மங்கலாகச் சிரித்தார்.

சரவெடிக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இந்த வாலாவுக்கு வழக்கே தேவைப்படவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதே பெற்றவர்கள் இதை ஓரங்கட்டி, 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' பக்கம் கை காட்டிவிட்டார்கள். ஆனாலும் ரைட் கிளிக் பண்ணினால் டைனமிக்காக மாற்றும் அந்த வரி இன்னும் வருகிறது. கிளிக் பண்ணப்போகும் அன்பர்கள், சாமி படங்களைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அப்புறம் அதன் பெருமையை அனுபவிக்கவும்.