இறங்காமையும் ஏறாமையும்: செயலி நோய்க்கு ஒரு நிதானமான ஆராய்ச்சி

1. களமும் கருவியும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கி 4.35க்கு முடிந்த கள ஆய்வின் பயன் இக்கட்டுரை. ஆய்வுக் களம், கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக் கூடம். ஆய்வுப் பொருள், 32 ஜிபி ஆண்டிராய்டு கைபேசி ஒன்றும் அதற்குள் வர மறுத்த பஞ்சாங்கச் செயலி ஒன்றும். நல்கை, பெரியம்மா (காபி இரண்டு டம்ளர், தவலை வடை மூன்று).

ஆய்வைத் தூண்டியவரும் பெரியம்மாவே. "இவர் தினம் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னாடி கணக்கு எழுதி, வீடெல்லாம் குப்பை. அந்தப் பஞ்சாங்கத்தை போன்லயே ஏத்திக் குடுத்துடுப்பா" என்றார்.

"காலையிலேருந்து நானும் பார்க்கிறேன், இறங்கவே மாட்டேங்குது" என்றார் பெரியப்பா. பிறகு, ஆய்வுக்குத் தொடர்பில்லாத தொனியில், "குடும்ப குரூப்லயும் இன்னிக்கு ஒருத்தரும் குட் மார்னிங் போடலை. எல்லாருக்கும் என் மேல என்ன கோபமோ" என்றார். இதைக் குடும்ப விவகாரம் என்று கருதி ஆய்வாளர் குறிப்பேட்டில் சேர்க்கவில்லை. இப்பிழைக்கு விலை இரண்டு மணி நேரம் என்பது பின்னர் விளங்கும்.

2. சொல்லாய்வு

ஒரே காரியத்தைப் பெரியம்மா ஏற்றுவது என்கிறார், பெரியப்பா இறங்குவது என்கிறார். லாரி ஷெட்டில்கூட ஏற்றுகூலி வேறு, இறக்குகூலி வேறு. இங்கே மட்டும் எப்படி ஒன்றாகும்?

ஏற்றுவாதத்தின் வேர் செல்போன் கடைகளில் இருக்கிறது. மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்து, "நூறு பாட்டு ஏத்திக் குடுங்க" என்று கேட்ட தலைமுறை அது. கடை எதிரே இருந்தது, சரக்கு கண்ணெதிரே ஏறியது. இறக்குவாதம் பிற்காலத்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு கடை திறந்தது. ஆண்டிராய்டு மார்க்கெட் அதே ஆண்டு அக்டோபரில் வந்து, 2012 மார்ச்சில் கூகுள் பிளே என்று பெயர் மாற்றிக்கொண்டது. இந்தக் கடைகள் ஆகாயத்தில் இருப்பதாக நம்பப்படுவதால் சரக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

உண்மையில் இரு தரப்பும் பாதி சரி. முதலில் கோப்பு இறங்குகிறது. பிறகு அது சோதிக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, தனக்கென்று ஓரிடம் பிடித்து ஏறி அமர்கிறது. ஆகவே நோயும் இரண்டு. பழைய சூத்திரம் எதுவும் கிடைக்காமையால் அடியேனே ஒன்று யாத்தேன்:

இறங்கா தொழிதலும் ஏறா தொழிதலும்
வேறுவே றறிந்தோன் விரல்வைக்கற் பாலன்;
அறியான் தொடுவ தாகா தென்ப.

இதன் உரை: வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து ஒரு விழுக்காடும் நகராவிடில் இறங்காமை. நூறைத் தொட்டபின் 'நிறுவ இயலவில்லை' என்று வந்தால் ஏறாமை. முன்னதற்கு வழியைப் பார்க்க வேண்டும், பின்னதற்கு வீட்டைப் பார்க்க வேண்டும்.

3. ஏறாமை இயல்

ஏறாமையின் முதற்காரணம் இடமின்மை. செயலியின் அளவு 60 எம்பி என்றால் 60 எம்பி இடம் போதாது. கல்யாணத்துக்கு வந்த உறவினர் பெட்டியைத் திறந்து புடவைகளைப் பரப்புவதுபோல, கட்டி வந்த கோப்பு பிரியும்போது இன்னும் இடம் கேட்கும். 32 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அதில் ஒரு பெரும்பங்கை ஆண்டிராய்டே ஆக்கிரமித்து அமர்ந்திருக்கும். மிச்சத்தில் ரோஜாப்பூவும் சூரிய உதயமும் குடியிருக்கும்.

இரண்டாவது, வயது வேறுபாடு. புதுச் செயலி பழைய ஆண்டிராய்டோடு ஒத்துவராது என்பது ஊரறிந்தது. மறுதலையும் உண்டு. 2023இல் வந்த ஆண்டிராய்டு 14, ஆண்டிராய்டு 6க்கு முந்தைய தலைமுறைகளைக் குறிவைத்து எழுதப்பட்ட செயலிகளை உள்ளே விடுவதில்லை. கிழவரைக் குமரியும், குமரியைக் கிழவரும் வேண்டாம் என்னும் பெண்பார்ப்பு இது.

மூன்றாவது, கையெழுத்துப் பிணக்கு. ஒவ்வொரு செயலியிலும் அதைச் செய்தவரின் மின்கையொப்பம் இருக்கும். ஏற்கெனவே உள்ள செயலிக்குமேல் வேறு கையொப்பமிட்ட பதிப்பை ஏற்றப் பார்த்தால், பத்திரப்பதிவு அலுவலகம்போல் கைபேசி திருப்பி அனுப்பிவிடும். பழையதை நீக்கிய பிறகே புதியது ஏறும்.

நான்காவது, கடைக்கு வெளியே வாங்கிய சரக்கு. ஏபிகே கோப்பு பாதி இறங்கியோ பழுதுபட்டோ இருந்தால் அதைப் பிரித்துப் படிக்க முடியவில்லை என்று கைபேசி கையை விரிக்கும். முன்பெல்லாம் 'அறியாத மூலங்கள்' என்ற ஒரே தாழ்ப்பாளைத் திறந்தால் எவரும் நுழையலாம். 2017இல் வந்த ஆண்டிராய்டு 8 முதல், எந்தச் செயலியின் வழியாகக் கோப்பு வருகிறதோ அதற்குத் தனித்தனியே அனுமதி தர வேண்டும். இது தொல்லை என்று குறைப்படுவோர் கவனிக்க: கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸப்பில் ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் கூட்டம் உண்டு. பத்திரிகைக்கு ஏன் நிறுவ வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தவர் மொய்யோடு தப்பினார். அவ்விடத்தில் ஏறாமை நோயன்று, வரம்.

4. இறங்காமை இயல்

வரிசை நெரிசல் முதலாவது. பின்னணியில் பதினெட்டுச் செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டிருக்க, பத்தொன்பதாவது வாசலில் நிற்கும். மற்றவற்றை நிறுத்தினால் இது நகரும். இரண்டாவது வைஃபை விரதம். 'வைஃபை இருந்தால் மட்டும்' என்று எப்போதோ வைத்த அமைப்பு, டேட்டா பொங்கி வழிந்தாலும் தண்ணீர் தொடாது. மூன்றாவது, கடைச் செயலியின் வயிற்றுக் கோளாறு. இதற்குச் சிகிச்சை படிப்படியாகக் கடுமையாகும். தற்காலிகச் சேமிப்பை நீக்குவது வாய் கொப்பளிப்பு. தரவையே நீக்குவது பேதி மருந்து. கூகுள் கணக்கை அகற்றி மறுபடி சேர்ப்பது, கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைத் தாம்பூலம் வைத்து அழைப்பது.

'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்பது இரு நோய்க்கும் பொதுவான கஷாயம். சிக்கி நின்ற வேலைகள் முதலிலிருந்து தொடங்குவதால் பலமுறை பலிக்கும். பலித்தபின் காரணம் கேட்பவர் இல்லையாதலால் ஆய்வுலகுக்கு இதனால் நன்மையில்லை.

நான்காவது காரணத்தை நூலாசிரியர் அன்று மறந்துபோனார்.

5. ஆய்வாளர் தம் சூத்திரத்தைத் தாமே மீறிய வரலாறு

பெரியப்பாவின் கைபேசியில் வட்டம் சுற்றியது, நின்றது, 'மீண்டும் முயல்க' என்றது. ஒரு விழுக்காடும் நகரவில்லை. சூத்திரப்படி இது தெளிவான இறங்காமை. ஆனால் வயதானவர் போன் என்றால் இடமின்மைதான் என்ற முன்முடிவோடு, அடியேன் ரோஜாப்பூக்களை அழிக்க உட்கார்ந்தேன். பிள்ளையார் படங்களை அழிக்கப் பெரியப்பா சம்மதிக்காததால் ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று ஜிபி காலியாயிற்று. வட்டம் அசையவில்லை.

கஷாயம் கொடுத்தேன். வாய் கொப்பளிக்க வைத்தேன். என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தேன். பேதிக்கும் கொடுத்தாயிற்று. வட்டம் சுற்றியது, நின்றது.

"மணி என்ன ஆச்சு பாரு" என்றார் பெரியப்பா. கைபேசியைப் பார்த்தேன். மணி சரி. தேதி சரி. மாதமும் சரி. கிழமை மட்டும் திங்கள் என்றிருந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். காலண்டர் ஞாயிறு என்றது.

ஒரே தேதி ஒரு கிழமை தள்ளி விழுந்தால் ஓர் ஆண்டு கடந்துவிட்டது என்று பொருள். கைபேசி அடுத்த ஆண்டில் இருந்தது.

முதல் நாள் வந்திருந்த பேரன், அரை மணிக்கு ஓர் உயிர் ஊறும் மிட்டாய் விளையாட்டில் உயிரிழந்து, காத்திருக்கப் பொறுமையின்றித் தேதியை முன்னால் நகர்த்தியிருக்கிறான். ஒரு நாள் போதும். பிள்ளை தாராளமாக ஆண்டையே தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

நான்காவது காரணம் இதுவே. கைபேசி கடையோடு பேசத் தொடங்குமுன் கடை தன் சான்றிதழைக் காட்டும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். அடுத்த ஆண்டில் நின்று பார்க்கும் கைபேசிக்கு அது காலாவதியான சீட்டு. எனவே பேச்சை முறித்துக்கொள்ளும். குடும்பக் குழு மௌனமானதும் இதனால்தான்.

"வாட்ஸப் ஒண்ணும் சொல்லலையா பெரியப்பா?"

"என்னமோ தேதி, கடிகாரம்னு இங்கிலீஷ்ல வந்தது. விளம்பரம்னு தள்ளிவிட்டேன்."

6. முடிபு

அமைப்புகளில் தேதி, நேரம் என்ற இடத்தில் தானியங்கியை இயக்கியதும் கைபேசி இவ்வாண்டுக்குத் திரும்பியது. நாற்பத்திரண்டு குட் மார்னிங் ஒன்றாக வந்து விழ, பெரியப்பாவின் முகம் தெளிந்தது. 4.35க்குப் பஞ்சாங்கம் இறங்கியது, ஏறியது.

தமிழகத்தில் இதுவரை வாக்கியம், திருக்கணிதம் என்று இரு பஞ்சாங்கங்கள் இருந்தன. மூன்றாவதாகப் பேரன் பஞ்சாங்கம் ஒன்று ஏறக்குறைய ஒரு நாள் வழக்கில் இருந்தது என்பதை இவ்வாய்வு நிறுவுகிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, ஒழிக்கப்பட வேண்டியதாகக் கூறப்பட்ட சுவர்க் காலண்டர்.

செயலியைத் திறக்க விரலை நீட்டினேன். பெரியப்பா கையைப் பிடித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். தொடாதே."

மேலாய்வு ஆறு மணிக்கு.