தாழம்பூ சாட்சி

ஸ்ரீபுரந்தான் நடராஜரே, காலம் காலமாக ஒற்றைக் காலைத் தூக்கியே நின்றீரே, அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். புறப்படத் தயாராகத்தான் நின்றிருக்கிறீர்!

அரியலூர் மாவட்டத்தில் ஒரு பழங்கோவில், அதற்கு ஒரு பழம்பூட்டு. சோழர் காலச் செப்புத் திருமேனிக்கு நாங்கள் தந்த காவல் அவ்வளவுதான். 2006இல் பூட்டை உடைத்தார்கள். 2008இல் அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் உள்ளே நீர் இல்லை என்பதே ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் கான்பராவில் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் எண்ணிவைத்து, உம்மை விளக்கொளியில் நிறுத்திவிட்டது. இங்கே உமக்கு ஒரு கரண்டி எண்ணெய்க்கு வழியில்லை.

போன விதம்தான் அழகு. சென்னைத் துறைமுகத்தில் உமக்கு வைத்த பெயர் ‘கைவினைப் பொருள்’. நேற்று வார்த்த பொம்மை என்று எழுதிய ஒரு பில், ஒரு பெட்டி, நாலு ஆணி. உலகமயமாக்கல் உம்மைக் கை நீட்டி வரவேற்றது. உம்மூர்ப் பையன் வேலைக்குப் போக விசா கேட்டால், பத்து விரலையும் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

நீர் போய் இறங்கிய இடம், நியூயார்க் மேடிசன் அவென்யூவில் சிலை வியாபாரி சுபாஷ் கபூரின் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ கடை. ஆதியும் அந்தமும் இல்லாதவர் என்று உம்மை நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அங்கே உமக்கு ஆதியை டைப் அடித்தே கொடுத்தார்கள். டெல்லியில் இருந்த சூடான் தூதரக அதிகாரி ஒருவர் உம்மை வாங்கி, 1971லேயே நாட்டைவிட்டுக் கொண்டுபோய்விட்டாராம். அது என்ன 1971? தொல்பொருள் ஏற்றுமதிக்குக் கடிவாளத்தை இறுக்கிய இந்தியச் சட்டம் பிறந்தது 1972இல்!

உமது முடியைக் காணாத பிரம்மன் கண்டதாகச் சொல்லத் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்தான். பொய் சொன்ன பூவை உமது பூஜைக்கே ஆகாது என்று தள்ளிவைத்தீர். இந்தக் காகிதத் தாழம்பூவை நம்பிய கலைக்கூடத்தாரோ, எல்லாம் விசாரித்துத்தான் வாங்கினோம் என்றார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், நீர் கோவிலில் இருந்தபோது எடுத்த கருப்பு வெள்ளைப் படம் பத்திரமாக இருந்தது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். 50 லட்சம் டாலர் வைத்திருந்தவர்களுக்குத் தபால்தலைக்குக் காசில்லை போலும்.

பிறகு சட்டம் புறப்பட்டது, மாட்டு வண்டியில். 2011இல் இன்டர்போல் நோட்டீஸைக் காட்டிக் கபூரை ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடித்தார்கள். 2012இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை என்றபோது 2022 நவம்பர். அதுவும் உமது வழக்கில் அல்ல. பக்கத்துச் சுத்தமல்லியில் இருந்த உம் மைத்துனர் பெருமாள் கோவில் வழக்கில். கபூர் கும்பல் கடத்தியவற்றின் மதிப்பு 14 கோடி டாலருக்கும் மேல் என்று மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2019இல் கணக்குச் சொன்னது. நமது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள் கடத்தலுக்கு உச்ச தண்டனை 3 ஆண்டு. கோழி திருடினாலும், 2024 வரை இருந்த இ.பி.கோ. 379இல் உச்சம் அதே 3 ஆண்டுதான். சாமியையும் கோழியையும் சமமாகப் பார்த்த அத்வைதிகள் நம் சட்டம் செய்தவர்கள்.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் உம்மை டெல்லிக்கே கொண்டுவந்து மோடியிடம் கொடுத்தார். கைகுலுக்கல், படம், தலைப்புச் செய்தி எல்லாம் ஆயிற்று. நீர் ஊருக்கா போனீர்? வழக்குச் சொத்தாக நீதிமன்றப் படி ஏறினீர். அப்புறம் கும்பகோணத்தில் சிலைப் பாதுகாப்பு மையம், மறுபடியும் ஒரு பூட்டு. கபூருக்காவது இத்தனை ஆண்டு என்று எழுதினார்கள். குற்றமே செய்யாத உமக்கு விடுதலைத் தேதி குறித்தவர் யார்?

இதில் எங்களுக்கும் பங்குண்டு. சாமி போய் இரண்டு ஆண்டாகியும் சத்தமில்லாமல் இருந்தவர்கள் நாங்கள்தானே! ஊர்க்காரர்களே, இன்று சாயங்காலமே போய் உங்கள் கோவில் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். சாமிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் இல்லாமல் போயிருந்தால், நடராஜர் இன்றைக்கும் சூடான்காரர்தான்.