தலைவர் எத்தனை மடங்கு?

கேள்வி: தலைவர் படம் போட்ட 4 அடிக்கு 6 அடி ஃப்ளெக்ஸை இரண்டு மடங்காக்கச் சொன்னால், கடைக்காரர் நாலு மடங்கு காசு கேட்கிறாரே, பகல் கொள்ளை அல்லவா?

பதில்: அல்ல, பள்ளிக்கூடக் கணக்கு. அளவுக் காரணி 2 என்றால் அகலம் 8, உயரம் 12. 24 சதுர அடி 96 ஆகிவிட்டது. அவர் விற்பது சதுர அடியை, தலைவரை அல்ல! மிச்சம் பிடிக்கிறேன் என்று உயரத்தை மட்டும் இழுக்கச் சொல்லிவிடாதீர்கள். செலவு பாதியாகும், தலைவர் முகம் புடலங்காயாகும். வடிவொத்த உருவத்தில் எல்லா நீளமும் ஒரே காரணியால் பெருக வேண்டும், கோணம் ஒன்றுகூட அசையக்கூடாது. மீசை வளரலாம், முறுக்கு மாறக்கூடாது. அப்புறம், கீழ் வரிசையில் இருக்கும் உங்கள் படத்துக்கும் அதே 2தான். அதை மட்டும் 5 ஆக்கினால் சிக்கல் கணக்கில் மட்டுமல்ல, கட்சியிலும் வரும்.