ஆற்றில் ஒரு கால்
அமெரிக்கக் கல்லூரியில் இரண்டு விளையாட்டு ஆடுகிறவர் அணித்தோழர்களோடு ஒட்டமாட்டார் என்பது வீண் கவலை. பாதி நாள் கண்ணிலேயே படாதவரோடு யார் சண்டை போடுவது? ஓக்லஹோமாவின் கைலர் மர்ரியைப் பாருங்கள்: 2018 ஜூனில் தொழில்முறை பேஸ்பால் கிளப் ஒன்று அவரைத் தேர்வு செய்தது, டிசம்பரில் அமெரிக்க ஃபுட்பாலுக்கான ஹெய்ஸ்மன் கோப்பை, மறு ஆண்டே பேஸ்பாலுக்குக் கும்பிடு. ஆடாத அணியில் மனத்தாங்கல் வர வழியேது? படிப்பு கெடுமே என்பார்கள். அதற்குத்தான் விதி இருக்கிறதே! ஆட்டப் பருவத்தில் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வாரம் 20 மணி நேரமே உச்சவரம்பு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். பேருந்துப் பயணம், ஐஸ் தொட்டி எல்லாம் ஓய்வு போலும். எனவே இரண்டு விளையாட்டு ஆடுகிறவர் இரு அணியிலும் செல்லப்பிள்ளை. வகுப்பில் மட்டும், “யாருப்பா இந்தப் புதுப் பையன்?” என்கிறார்கள். இறுதியாண்டு மாணவராம்.