மரக்கால் பெத்லகேம் போன கதை

வேதாகமத்தில் ரூத் பொறுக்கிய வாற்கோதுமை ஒரு மரக்கால் கண்டதாமே! நம்ம ஊர் மரக்கால் பெத்லகேமுக்கு எப்போ போச்சு?
(வாசகர், பாளையங்கோட்டை)

தமிழில் பெயர்த்தபோது போச்சு! எபிரெய மூலத்தில் இருப்பது 'எப்பா'. அப்படியே எழுதியிருந்தால் திருநெல்வேலிக்காரர் யாரோ வியக்கிறார் என்று நினைத்திருப்போம்!

எப்பா சுமார் 22 லிட்டர். மரக்கால் 8 படி, அதாவது பத்தே முக்கால் லிட்டர். கணக்குப்படி ரூத் சுமந்தது இரண்டு மரக்கால், அதாவது ஒரு பதக்கு. ஆனாலும் பெயர்த்தவர் கை பொன்னான கை. 'மரக்கால்' என்றதும் களத்துமேட்டில் தலைதட்டி அளக்கிற நெல் கண்ணில் தெரிகிறதே!

ஆழாக்குக் கஷாயம், இங்கிலீஷ் மருந்துக்கடை அவுன்ஸில் எவ்வளவு?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

ஏறக்குறைய 6. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. அதில் எட்டில் ஒன்றான ஆழாக்கும் கூடவே மாறியது. அரிசி கூடினால் சோறுதான் மிஞ்சும், மருந்து கூடினால்? பாட்டியின் ஆழாக்கு அரிசிப்பானையிலேயே இருக்கட்டும். மருந்துக்கு எத்தனை மில்லி என்று வைத்தியரிடம் கேளுங்கள்.