மலைப்பும் தக்காளியும்

பெயர் போட வேண்டாம், கும்பகோணம்.

கேள்வி: பி.எச்டி. ஆய்வேடு எழுத உட்கார்ந்தாலே மலைப்பாக இருக்கிறது. நாளை, நாளை என்றே தள்ளிப்போகிறது. வழி சொல்லுங்கள்.

பதில்: இந்தக் கேள்வியை எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பிய நேரத்தில் அரைப் பக்கம் ஓடியிருக்குமே ஐயா!

எழுத உட்காரும்போதுதான் மேஜை டிராயரின் தூசி கண்ணில் படும். தீர்ந்துபோன ரீஃபில்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்ப்போம். இதற்குப் பெயர் சோம்பலா? சோம்பேறி எங்காவது டிராயரைத் துடைப்பானா? இது பயம். 'ஆய்வேடு எழுத வேண்டும்' என்றால் யாருக்கும் கை வராது. 'நாலாம் இயலில் அந்த அட்டவணைக்குக் கீழே ரெண்டு வரி' என்றால் வரும்.

1980களின் கடைசியில் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவருக்கும் இதே வியாதி. தக்காளி வடிவ சமையலறை டைமரைத் திருகிவைத்துவிட்டுப் படித்தார். பின்னாளில் அது 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற முறையாகி உலகமெங்கும் பரவியது. (நம் வீட்டில் குக்கர் விசிலை நம்பாதீர்கள். மூன்றே நிமிடத்தில் எழுந்துவிடுவீர்கள்.)

முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். அரைகுறையாக இருப்பதை இந்த வாரமே கைடிடம் காட்டிவிடுங்கள். திட்டு வாங்கினாலும் அடுத்து என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.

படித்தாயிற்றா? பத்திரிகையை மூடுங்கள். அடுத்த கேள்வி உங்களுடையது அல்ல.